பஷீர் பாய் எழுதிய ஆறு வரிகள்

1

சென்ற வெள்ளிக்கிழமையோடு பஷீர் பாய் ஷார்ஜாவை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. அன்று மத்தியானம் அவரிடமிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் வலமிருந்து இடமாக எட்டொன்பது வரிகள். அதற்கு முந்திய வாரம் ஒன்று வந்தது, அதற்கும் முந்திய வாரம் ஒன்று. மூன்றையும் நான் இன்னும் படிக்கவில்லை. எனக்கு உருது படிக்கத் தெரியாது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் என் மகள் அபி. அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

பஷீர் பாய் பாகிஸ்தானில் முல்தான் பக்கத்துக் கிராமத்துக்காரர். இங்கே ஒரு மசாலாக் கிடங்கில் லாரி ஓட்டினார். நான் போடிக்காரன், அதே கிடங்கில் ஏலக்காய் தரம் பார்க்கிறவன். பதினாறு வருடம் தினமும் பேசிக்கொண்டோம். கோம்பையில் வாக்கப்பட்டிருக்கும் என் அக்காவுக்கு இந்த விஷயத்தில் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். ஒரு தடவை போனில் கேட்டேவிட்டாள்.

"ஏலே, நீ பேசுறது இந்திங்கிற. அவுக பேசுறது உருதுங்கிற. பெறகு ரெண்டு பேரும் எப்படிலே பேசிக்கிறீக?"

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா. எழுத்துதான் வேற."

"ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு பேரு வச்சாக?"

அதற்குப் பதில் பெரிய படிப்புப் படித்தவர்களிடம் இருக்கலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு மனிதரோடு பேசித் தெரிந்துகொண்டதுதான், அதிலும் பாதியைத் தப்பாகத்தான் தெரிந்து வைத்திருந்தேன்.

2

எனக்கு இந்தி வந்தது ஏலக்காயால். போடி கடைவீதியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலைக்கு இருந்தபோது, வடக்கேயிருந்து சரக்கு வாங்க வரும் ஏஜெண்டுகளோடு பேச ஆள் தேவைப்பட்டது. சாயங்காலம் டியூசனுக்குப் போய் நாலு பரீட்சை எழுதினேன். கொடியில் துணி காயப்போட்ட மாதிரி ஒரு கோட்டில் தொங்கும் அந்த எழுத்துகளை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன்.

ஆனால் டியூசனில் சொல்லிக்கொடுத்தது கோயில் இந்தி. ஷார்ஜாவுக்கு வந்த முதல் வாரத்தில், "வாசலில் பிரதீக்ஷா செய்கிறேன்" என்று பஷீர் பாயிடம் சொன்னேன். காத்திருக்கிறேன் என்று அர்த்தம். அவர் லாரியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். என்ன, பூஜை செய்யப் போகிறாயா என்று கேட்டார். அதற்கு அவர்கள் சொல்வது 'இந்தஜார்'. அப்படித்தான் தொடங்கியது. என்னுடைய 'புஸ்தக்' அவருக்குக் 'கிதாப்'. என்னுடைய 'சமய்' அவருக்கு 'வக்த்'. என்னுடைய 'தன்யவாத்' அவருக்கு 'சுக்ரியா'. ஆனால் தண்ணீர், ரொட்டி, பசி, தூக்கம், வீடு, கண், கை எல்லாவற்றுக்கும் இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான். உடம்புக்கு வேண்டியதைக் கேட்டால் இரண்டும் ஒரு பாஷை. படித்தவன் மாதிரி பேச ஆரம்பித்தால் இரண்டு பாஷை. அவர் கேட்கும் ரேடியோச் செய்தி எனக்குப் பாதிதான் புரியும், நான் பார்க்கும் டிவிச் செய்தி அவருக்குக் கால்வாசிகூடப் புரியாது. சினிமாப் பாட்டு இரண்டு பேருக்கும் முழுசாகப் புரியும்.

இதில் வேடிக்கை, உருது அவருக்கும் தாய்மொழி இல்லை. வீட்டில் பேசுவது சராய்க்கி. பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் படித்த உருதுதான் அவருக்கு. ஆக, இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு பாஷையில்தான் நாங்கள் பதினாறு வருடம் குடியிருந்தோம். ஒரு நாள் அவர் வசூல், பாக்கி, நகல், வக்கீல், ராஜினாமா என்று ஏதோ கோர்ட்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல்கூட எனக்குப் புதிதில்லை. தேனி தாலுகா ஆபீசில் ஒரு வாரம் நடையாய் நடந்தவன் எவனும் இந்தச் சொற்களைக் கேட்காமல் வீடு திரும்பியிருக்க மாட்டான் என்று சொன்னேன். அவர் ரொம்ப சந்தோஷப்பட்டார். அப்படியானால் உங்கள் ஊர் ஜனங்கள் என் சொந்தக்காரர்கள் என்றார்.

அவர் உருதுப் பேப்பர் வாங்குவார். படித்து முடித்ததும் என்னிடம் நீட்டுவார். முதல் நாளே தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாங்கி, படம் பார்த்து, சரியான திசையில் பக்கம் புரட்டி, தலையாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். இது போடி ஏலத்தில் ஊறிய பழக்கம். சாம்பிள் தட்டு கைக்கு வந்தால் காயை உடைத்துப் பார், முகர், தலையாட்டு, அடுத்தவனுக்குத் தள்ளு. சரக்கு பிடிபடவில்லை என்பது மட்டும் முகத்தில் தெரியக் கூடாது. தெரிந்தால் அன்றைக்கு உன்னை எல்லோரும் சேர்ந்து கவிழ்த்துவிடுவார்கள். பேப்பருக்கும் அந்த முகத்தையே வைத்துக்கொண்டேன். இவ்வளவு நன்றாகப் பேசுகிறவனுக்குப் படிக்கத் தெரியாமலா இருக்கும் என்று பஷீர் பாய் நம்பிவிட்டார்.

3

அவர் குரல் கரகரத்தபோது மிளகாய்த் தூசி என்றார். கிடங்கில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வோம். டாக்டர் வேறு சொன்னார். குரல்வளையையே எடுக்க வேண்டும், இனிப் பேச்சு வராது என்றார். கிசுகிசுவென்றாவது வரும் என்று பஷீர் பாய் நினைத்துக்கொண்டிருந்தார். ஆபரேசனுக்குப் போகும் முன் அவர் என்னிடம் சொன்னது, இரண்டாம் நம்பர் லாரியில் ஸ்டெப்னி இல்லை, புது டிரைவரிடம் ஞாபகமாகச் சொல்லிவிடு என்பதுதான். அவர் வாயால் நான் கேட்ட கடைசிப் பேச்சு அது.

ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். உறவு என்ற இடத்தில் நண்பர் என்பதற்குக் கட்டமே இல்லை. 'உடன் பணிபுரிபவர்' என்று டிக் அடித்தேன். நோயாளியின் மொழி உருது. உடன் இருப்பவர் மொழி இந்தி. கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உங்கள் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாம் என்ற கட்டத்தில் நானே கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேசன் முடிந்த மூன்றாம் நாள் பஷீர் பாய் ஜாடையில் பேனா கேட்டார். கழுத்தில் குழாய். ஒரு தாளில் ஆறு வரி எழுதி என்னிடம் நீட்டினார். எழுத்தெல்லாம் காற்றில் சாய்ந்த நாற்றாக இருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் போய், பாய், எனக்குப் படிக்க வராது, இத்தனை வருடமாக உங்கள் பேப்பரைச் சும்மாதான் புரட்டினேன் என்று எப்படிச் சொல்வது? தண்ணீரோ தலையணையோ கேட்கிறார் என்று நினைத்தேன். தலையாட்டினேன். அவர் கண்ணை மூடி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். எவ்வளவு பெரிய பாரத்தை என் தலைக்கு மாற்றிவிட்டு அவர் நிம்மதியானார் என்பது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை போனபோது அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். ஊரிலிருந்து மனைவி ஜுபைதா அனுப்பியிருந்த குரல் செய்திகள், ஒன்று மாற்றி ஒன்று. அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஷீர் பாய்க்கும் போனில் எழுத வராது; பேனாவால்தான் வரும். ஆகவே அவர்கள் குடும்பம் நடந்ததே குரலில்தான். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் கூப்பிட்டுப் பேசுவார், ஒரு வாரமும் தவறியதில்லை. இப்போது அவர் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. என்னைக் கண்டதும் போனைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். எல்லாம் நல்லபடிதான், கவலைப்படாதீர்கள் என்றேன். அவர் விழித்தார். மறுபடி தாள் கேட்டு அதே ஆறு வரியைப் பெரிது பெரிதாக எழுதினார்.

அப்போது அவர் ஜில்லாக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். பஷீர் பாய் சட்டென்று தாளை மடித்து என் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டார். அதனால் அதை வேறு யாரிடமும் காட்டிப் படிக்கச் சொல்ல எனக்கு வழியில்லாமல் போயிற்று.

4

வீட்டுக்கு வந்து தாளைப் போட்டோ எடுத்து, மொழிபெயர்க்கும் ஆப்பில் போட்டேன். படுக்கையில் இருந்து நடுங்கி எழுதிய எழுத்து. முதல் தடவை குதிரை என்று வந்தது, அடுத்த தடவை தபால் நிலையம் என்று வந்தது. அதற்கு மேல் அதை நம்புவதற்கில்லை. இரண்டு நாள் அந்தத் தாளோடு அலைந்தேன். சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் மனைவி ராணிக்கு விஷயம் தெரிந்துபோனது. அவள் வீரபாண்டிக்காரி. பஷீர் பாய் தொண்டைக்காகக் கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக அவள் பாட்டுக்கு நேர்ந்திருந்தாள்.

"அந்த மனுசன் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு எழுதிக் குடுத்திருக்காக. நீங்க தலையாட்டிட்டு வந்திருக்கீக" என்றாள். பிறகு மகளின் மூடிய கதவைப் பார்த்தாள். "ஆத்தா அபி, ஒங்க பள்ளிக்கூடத்துல அரபி சொல்லித்தர்றாகல்ல, இங்கன வா."

இந்த நாட்டில் பள்ளிக்கூடத்தில் அரபி கட்டாயம். அபி அதை ஒன்றாம் வகுப்பிலிருந்து அழுதுகொண்டே படித்தாள். உருது எழுத்து அதே குடும்பம், ஆனால் அதே எழுத்து இல்லை. அபி தாளைப் பார்த்ததும் இது அரபி இல்லப்பா, சாஞ்சு சாஞ்சு இருக்கு என்றாள். பாதி எழுத்துகள் தெரியும், மீதிக்கு மேலே என்னென்னவோ புள்ளியும் கோடும் இருக்கிறது என்றாள். தெரிந்ததை மட்டும் வாசி என்றேன்.

அவள் விரல் வைத்துச் சத்தம் எழுப்பினாள். அந்தச் சத்தம் எந்தச் சொல் என்று அவளுடைய பள்ளிக்கூட இந்திக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முதலில் பிடிபட்டது ஜுமா, வெள்ளிக்கிழமை. பிறகு ஜுபைதா. அப்புறம் ஒரு எழுத்தைக் காட்டி, இது க மாதிரி இருக்கு, ஆனா கூட ஒரு கோடு இருக்கு என்றாள். அடுத்த எழுத்துகளோடு அதைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன். கர். வீடு. அவள் வாய், என் காது. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் படிக்கத் தெரிந்த ஒரு ஆள். ஆறு வரிக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

'முருகேஷ் பாய், வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு போன் செய். பஷீர் லோடு ஏற்றி மஸ்கட் போயிருக்கிறான், பத்து நாள் பேச முடியாது என்று ஜுபைதாவிடம் சொல். தொண்டை விஷயத்தைச் சொல்லாதே. அவள் அப்பா இதே நோயில்தான் போனார். எங்கள் ஊர்க்காரர்களிடம் சொன்னால் ஊருக்குப் போய்விடும், அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். நேரில் போய் நானே சொல்லிக்கொள்கிறேன்.'

அதற்குள் இரண்டு வெள்ளிக்கிழமை போயிருந்தது. யாரை நம்பினால் ஊருக்குத் தெரியாது என்று தேடித் தேடி அவர் என்னைக் கண்டுபிடித்திருக்கிறார். வேற்று நாட்டான், வேற்று மதத்தான், அவர் ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவன். அதனாலேயே பத்திரமானவன். அதனாலேயே படிக்கத் தெரியாதவன். எனக்கு அழுகை வந்தது. அபி பார்க்கிறாளே என்றுகூடத் தோன்றவில்லை.

5

அப்போதே கூப்பிட்டேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் ஜுபைதா எடுத்துவிட்டார். மஸ்கட் கதையை நான் தொடங்கும் முன்பே, என் புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். ஷார்ஜாவிலிருந்து ஊருக்குப் போன யாரோ, பஷீர் கழுத்தை அறுத்து ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள், பிழைப்பது கஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு வெள்ளிக்கிழமையும் குரல் வரவில்லை. வீட்டில் பெண்கள் துக்கத்துக்குக் கூடி உட்கார்ந்துவிட்டார்கள்.

இருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்றேன். என் இந்தி முழுவதும் அந்த அம்மாவுக்குப் புரிந்தது. புரிந்து என்ன பயன்? அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்படியானால் அவரைப் பேசச் சொல்லுங்கள். ஒரு வார்த்தை போதும்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டில் பக்கத்திலிருந்து மறுபடி போன் போட்டேன். பஷீர் பாய் போனை வாங்கினார். வாய் அசைந்தது, காற்றுகூட வரவில்லை. பிறகு மோதிர விரலால் போனை டக், டக் என்று இரண்டு தரம் தட்டினார். நான் குனிந்து, அக்கா, அது அவர்தான், பக்கத்திலேயே இருக்கிறார் என்று சொன்னேன். யார் வேண்டுமானாலும் தட்டலாம் என்று ஜுபைதா சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

போட்டோ எடுத்து அனுப்பலாம் என்றேன். பஷீர் பாய் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டு தலையை ஆட்டி மறுத்தார். எனக்குப் பேச வாய் இருந்தது, அவருக்குப் பேச விஷயம் இருந்தது, அந்த அம்மாவுக்குக் கேட்கக் காது இருந்தது. மூன்றையும் ஒன்றுசேர்க்க அந்த அறையில் யாராலும் முடியவில்லை.

அதற்குமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. பாய், உங்கள் எழுத்து எனக்குத் தெரியாது, எந்தக் காலத்திலும் தெரியாது, பேப்பரைச் சும்மாதான் புரட்டினேன் என்றேன். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டுவதற்கும் குரல் வேண்டுமே. கையில் இருந்த பேனாவை மூடினார். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் இருந்தவரை எனக்கு ஒரு வரி எழுதவில்லை.

6

உடல் தகுதி இல்லை என்று விசாவை ரத்து செய்தார்கள். பதினாறு வருடம் வாழ்ந்ததை முடித்துவைக்க நாலு கையெழுத்துப் போதுமாக இருந்தது. ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும் இடத்தில், நோயாளி தன் பெயரை வாயால் சொல்ல வேண்டும் என்றார் ஒரு அதிகாரி. நான் சொன்னேன். உங்களைக் கேட்கவில்லை என்றார். அப்புறம் கழுத்தைப் பார்த்துவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டு விட்டுவிட்டார்.

கதவுக்கு இந்தப் பக்கம் பஷீர் பாய் என் கையில் ஒரு மடித்த தாளைக் கொடுத்தார். அபி படிக்கட்டும் என்று வீடுவரை பிரிக்காமல் கொண்டுவந்தேன். அவள் பிரித்துப் பார்த்துவிட்டு, இதப் படிக்க ஒண்ணும் இல்லப்பா என்றாள். உருது எழுத்துகள். முதல் எழுத்து அலிஃபிலிருந்து கடைசி வரை, பெரிதாக, ஒவ்வொன்றாக. ஒவ்வொரு எழுத்துக்குக் கீழும் நான் எழுதிப் பழக வெற்றுக் கோடு. ஆஸ்பத்திரியில் எனக்கு எழுதாமல் இருந்த நாட்களில் இதைத்தான் எழுதியிருக்கிறார்.

முதல் வரிசையில் ஏழு எழுத்துப் பழகினேன். ஜீம் வந்தது. அதோடு நின்றேன். வேலை, அலுப்பு, வயது என்று ஆயிரம் சொல்லலாம். என்னால் முடியவில்லை.

ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அவர் வாரம் ஒரு தாள் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறார். முதல் தாளில், தான் வீட்டு வாசலில் இறங்கியபோது தன் சட்டைகளெல்லாம் ஊரில் வேறு ஆட்கள் உடம்பில் இருந்தன என்று எழுதியிருந்தார். போனில் தட்டியதை நம்பாத ஜுபைதா, செத்தவர் துணி என்று தானம் கொடுத்துவிட்டாராம். வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தார். அபிகூடச் சிரித்தாள். நானோ, ஒரு தலையாட்டலுக்கு இவ்வளவா என்று உட்கார்ந்திருந்தேன்.

7

அந்த முதல் தாள்களை, அவை வந்த அன்றே அபி வாசித்தாள். பிறகு நாளைக்கு என்றாள். இப்போது பரீட்சை முடியட்டும் என்கிறாள். அவள் கதவு திறந்தால்தான் பஷீர் பாய் என்னோடு பேச முடியும். அடுத்த இரண்டு வருடத்தில் அவள் எங்காவது காலேஜுக்குப் போய்விடுவாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழிப் பாடமாக இந்தி போட்டது நான். பிழைக்க உதவும் என்றேன். தமிழ் வகுப்பு சனிக்கிழமைகளில் தூரத்தில் ஒரு இடத்தில் நடந்தது. நாலு வாரம் கொண்டுபோய் விட்டேன், நிறுத்திவிட்டேன். வீட்டில் ராணியோடு பேசிப் பேசி அவள் பேச்சு மட்டும் அசல் கம்பம் பள்ளத்தாக்குப் பேச்சு. போன லீவில் தேனி பஸ் ஸ்டாண்டில் கையில் மூட்டையோடு நின்ற ஒரு அம்மா, இவள் பேசுவதைக் கேட்டு உள்ளூர்ப் பிள்ளை என்று நினைத்து, "ஆத்தா, கோம்பை வண்டியான்னு போர்டப் பாத்துச் சொல்லு" என்றார். அபி நிமிர்ந்து பார்த்தாள். தலையாட்டினாள். அந்த அம்மா ஏறிக்கொண்டார். நான் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அது பெரியகுளம் வண்டி. படிக்கத் தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். எப்படிப்பா சொல்றது, அவுக என்ன நெனப்பாக என்றாள். அவளைத் திட்ட வாயெடுத்தவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

இன்று மத்தியானம் நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது அபி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குடுங்கப்பா என்று போனை வாங்கி மூன்று தாளையும் வாசித்தாள். நான் காதால் சேர்த்துக்கொண்டேன், பஷீர் பாய் எழுதியிருந்தது இது: கழுத்துக் குழாயை மாற்றியாகிவிட்டது. மாமரம் பூத்திருக்கிறது. ஜுபைதா இப்போது என் கை அசைவில் பாதியைப் புரிந்துகொள்கிறாள். மூன்றாவது தாளில் ஒரே கேள்விதான் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தது: முருகேஷ் பாய், எந்த எழுத்துவரை வந்திருக்கிறாய்?

ஜீம் வரைக்கும் என்று குரல் செய்தி அனுப்பினேன். ஒரு வருடமாக அதே பதில்.

அப்புறம் அபி என் நோட்டை எட்டிப் பார்த்தாள். "இது என்னப்பா எழுதுறீக? பாய் பத்தியா? படிச்சுக் காட்டுங்க."

முதலிலிருந்து படித்துக் காட்டினேன். அக்கா கேட்ட கேள்விக்குச் சிரித்தாள். பஸ் ஸ்டாண்டு வந்தபோது என் தோளில் அடித்தாள். நல்லா இருக்குப்பா, எனக்கு அனுப்புங்க, வச்சுக்கிறேன் என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனாள்.

அனுப்புவேன். அவளும் வைத்துக்கொள்வாள். என் குரல் நின்ற பிறகு ஒரு நாள் எடுத்துப் பார்ப்பாள். அப்பா எழுதியது என்று தெரியும், என்ன எழுதியது என்று தெரியாது. படித்துச் சொல்ல யாரையாவது தேடுவாள், கிடைக்காவிட்டால் தலையாட்டிவிட்டு மடித்து வைப்பாள். அவள் போன பிறகு எழுதிய இந்தக் கடைசிப் பத்தியை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.